இரவைக்கு என்ன சாப்பாடு: பிட்டா, இடியப்பமா, தோசையா, ரொட்டியா, கூழா?

கொக்குவிலில் குடியிருக்கும் என் பெறாமகள் ஒருநாள் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "சின்னம்மா, இரவைக்கு என்ன செய்யிறது எண்டு தெரியாமல் நிக்கிறன், நீங்கள் என்ன செய்யிறியள்?" என்று கேட்டாள். வேலை முடிந்து வீடு திரும்பிக் கைகால் கழுவிய கையோடு அடுப்படி வாசலில் நின்று அவள் கேட்ட அந்தக் கேள்வியை, யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் நாள்தோறும் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள். மத்தியானத்தில் இந்தக் குழப்பம் இல்லை. சோறு என்பது முன்னரே முடிவானது, யோசிக்க வேண்டியது கறியைப் பற்றி மட்டுமே. இரவிலோ சோற்றை மீண்டும் விரும்பாத வீடுகளே அதிகம் என்பதால், எந்த மாவை எடுப்பது என்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அவளுக்கு அன்று நான் சொன்ன முதற் பதில், ஆறு மணி என்பது இந்தக் கேள்விக்குப் பிந்திய நேரம் என்பதுதான். தோசை வேண்டுமென்றால் முதல்நாளே உழுந்து ஊறியிருக்க வேண்டும். காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் நண்டும் மீனும் சேர்த்துக் காய்ச்சும் கூழ் வேண்டுமென்றால் காலையிலேயே சந்தைக்குப் போயிருக்க வேண்டும். பிட்டும் இடியப்பமும் வேண்டுமென்றால் வறுத்த மா பேணியில் இருக்க வேண்டும். இவற்றுள் எதுவும் இல்லாதபோது ரொட்டியும் பாணும் மட்டுமே எஞ்சும். அந்த நிலையில் நாம் தெரிவு செய்வதாக நினைத்தாலும் உண்மையில் தெரிவு நம் கையை விட்டுப் போய்விட்டது.

எவற்றை வைத்து நிறுப்பது

முதலாவது நேரம். அடுப்பு எரியும் நேரத்தை மட்டும் கணக்கிடுவது தவறு. முன்னாயத்தத்தையும் பின்னர் கழுவி அடுக்குவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, மத்தியானக் கறி மிச்சம் இருக்கிறதா, அது இரவுச் சாப்பாட்டோடு பொருந்துமா என்பது. புதிதாக ஒரு கறி வைப்பதென்றால் இன்னும் முக்கால் மணி நேரம் கூடும். மூன்றாவது செலவு. இதில் பெரும்பாலானோர் மாவின் விலையைப் பார்ப்பார்களே தவிரத் தேங்காயைப் பார்ப்பதில்லை. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் தேங்காய் விலை கண்டபடி ஏறியபோதுதான், ஓர் இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை பாதி துருவுகிறோம் என்று பலரும் எண்ணத் தொடங்கினோம். நான்காவது, யார் யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்பது. எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடும் வீட்டுக்கும், ஒருவர் ஏழு மணிக்கும் மற்றவர் ஒன்பதரைக்கும் வரும் வீட்டுக்கும் ஒரே விடை பொருந்தாது. கடைசியாக, அன்று சைவமா மச்சமா என்பது. வெள்ளிக்கிழமைகளிலும், நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும், கந்தசஷ்டியிலும் இந்தக் கேள்வியே பாதித் தெரிவை முடித்துவிடும்.

நான்கு பேருக்கு என் வீட்டில் எடுக்கும் அளவுகளைக் கீழே தருகிறேன். கைப்பழக்கத்தைப் பொறுத்து இவை கூடிக் குறையலாம்.

| சாப்பாடு | முன்னாயத்தம் | மாலையில் எடுக்கும் நேரம் | தேங்காய் | மத்தியானக் கறி உதவுமா |
|---|---|---|---|---|
| பிட்டு | வறுத்த மா கையிருப்பில் இருக்க வேண்டும் | 40 நிமிடம் | ஒரு பாதி. சொதி (தேங்காய்ப்பாற் குழம்பு) வைத்தால் மறுபாதியும் | முழுமையாக உதவும் |
| இடியப்பம் | வறுத்த மா கையிருப்பில் இருக்க வேண்டும் | 75 நிமிடம் | சொதிக்கும் சம்பலுக்குமாக ஒரு முழுத் தேங்காய் | ஓரளவு |
| தோசை | முதல்நாளே ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிட வேண்டும் | 50 நிமிடம் | சம்பலுக்கு ஒரு பாதி | மிகக் குறைவு |
| ரொட்டி | இல்லை | 35 நிமிடம் | ஒரு பாதி. சம்பலுக்கு மேலும் கொஞ்சம் | உறைப்பான கறி என்றால் உதவும் |
| பாண் | இல்லை | 10 நிமிடம் | இல்லை | முழுமையாக உதவும் |
| ஒடியற்கூழ் | காலையிற் சந்தை, மா ஊறவைத்தல் | 2 மணி நேரம் | கடிக்கச் சொட்டு மட்டும் | தேவையில்லை |

பிட்டு

கிழமையில் மூன்று இரவுகளாவது எங்கள் வீட்டில் பிட்டுத்தான். அதற்கு முதற் காரணம் மத்தியானக் கறி. கத்தரிக்காய்ப் பால்கறியோ, முருங்கைக்காய்க் குழம்போ, விளைமீன் குழம்போ, ஒரு கரண்டி மிஞ்சியிருந்தாலும் பிட்டு அதை உறிஞ்சி ஒரு கோப்பைச் சாப்பாடாக்கிவிடும். மீன்குழம்பு நேரம் போகப் போகத்தான் ஊறிச் சுவை கூடும் என்பதால், மத்தியானம் சோற்றோடு சாப்பிட்டதைவிட இரவு பிட்டோடு சாப்பிடும்போது அது மேலானதாகவே இருக்கும்.

செய்முறை பலருக்கும் தெரியும் என்றாலும், பிழை வரும் இடம் ஒன்றுதான், அது தண்ணீர். இரண்டு சுண்டு (அளக்கும் சிறு பேணி) வறுத்த சிவப்பரிசிமாவுக்கு ஒரு சுண்டு அவித்து அரித்த கோதுமைமா கலந்து, உப்புப் போட்டு, கொதித்த நீரை இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, சிறிது சிறிதாகத் தெளித்து அகப்பைக் காம்பினாற் கிளற வேண்டும். அரிசிமாவுக்கு நல்ல சூடு தேவை. கோதுமைமாவோ கொதிநீர் பட்டாற் பசைபோலாகிவிடும். கலவைமாவுக்கு இந்த இடைப்பட்ட சூடு அதனால்தான். பின்னர் சுண்டின் விளிம்பாற் கொத்திக் கொத்தி மணி மணியாக்கித் தேங்காய்ப்பூவைத் தூவி, நீத்துப்பெட்டியில் (பிட்டு அவிக்கும் பனையோலைப் பெட்டி) இட்டு, ஆவி மேலே நன்றாக வரத் தொடங்கியதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்தாற் போதும். கையிற் பிடித்தாற் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அவிக்க முன்னரே இந்தப் பதத்தைப் பார்த்துவிடுங்கள், அவித்த பிறகு திருத்த வழியில்லை.

கறி ஒன்றும் மிஞ்சாத நாளில் கீரைப் பிட்டு அவிக்கலாம். முருங்கையிலையையோ முளைக்கீரையையோ குறுணியாக அரிந்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, கொத்திய மாவோடு கலந்து அவித்தால் வேறு கறி தேவைப்படாது. மச்சம் சாப்பிடும் நாளில் ஒரு பிடி சின்ன றாலை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்துச் சேர்த்தால் பிள்ளைகள் மறுகோப்பை கேட்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு மாவில் இருக்கிறது. நாற்பது நிமிடம் என்று மேலே எழுதியது, மா ஏற்கெனவே இருக்கும் வீட்டின் கணக்கு. அரிசியை மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்து வந்து, மெல்லிய நெருப்பிற் கைவிடாமல் வறுத்து, அரிதட்டில் அரித்து எடுப்பதற்குள் ஓர் அரைநாள் போய்விடும். கோதுமைமாவைத் துணியிற் கட்டி அவித்து, சூடு ஆறுமுன் கட்டிகளை உடைத்து அரிப்பது வேறு வேலை. இந்த வேலையைப் பெரும்பாலும் ஒரு பெண்ணே செய்கிறாள் என்பதையும், "பிட்டு என்றால் ஒரு நொடியில் அவித்துவிடலாம்" என்று சொல்பவர்கள் அந்த அரைநாளை எண்ணுவதில்லை என்பதையும் நான் வெளிப்படையாகவே சொல்ல விரும்புகிறேன். பொதிசெய்து விற்கும் வறுத்த மாவை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை; திகதியைப் பார்த்து, சிறிய பொதியாக வாங்கி, முதலில் ஒருமுறை அவித்துப் பார்த்த பின்னர் பெரிய பொதியை வாங்குவது நல்லது.

நீத்துப்பெட்டியா குழலா என்று கேட்பவர்களுக்கு: நான்கு பேருக்கு மேல் என்றால் பெட்டிதான். ஒரே தடவையில் எல்லாம் அவிந்துவிடும். ஆனால் பனையோலைப் பெட்டியைக் கழுவி வெயிலிற் காயவைக்காவிட்டாற் பூஞ்சணம் பிடிக்கும். மாரிகாலத்தில் இதற்குப் பயந்தே நான் குழலுக்கு மாறிவிடுவேன்.

எரிபொருளிலும் பிட்டு முன்னிற்கிறது. 1990 இற் போரினால் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய் போத்தற் கணக்கில் விலைமதிப்புள்ள பொருளாக மாறிய காலத்தில், பனம் மட்டையையும், கிழங்கெடுத்த பனங்கொட்டையின் ஓடான ஊமலையும் எரித்து ஒரே தடவையில் அவித்து இறக்கக்கூடிய பிட்டே எங்கள் வீட்டின் இரவுச் சாப்பாடாக இருந்தது. 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோதும் அதே பாடம் திரும்பி வந்தது. அப்போது கோதுமைமாவின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனதால், தனி அரிசிமாவில் அவிக்கும் பழக்கம் பல வீடுகளில் மீண்டும் துளிர்த்தது. கோதுமைமா நம் அடுப்படிக்குள் நிலையாக வந்ததே நெருக்கடியொன்றில்தான்: 1942 இற் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோன பின்னர், பங்கீட்டுக் காலத்தில் அது பெருகியது. எனவே தனி அரிசிமாப் பிட்டைப் பஞ்சகாலச் சாப்பாடு என்று யாரும் எண்ண வேண்டியதில்லை, முன்னையது அதுவே.

இடியப்பம்

இடியப்பத்தை விரும்பாதவர்கள் எங்கள் ஊரில் அரிது. மெல்லியது, வயிற்றுக்கு இலேசானது, பல்லில்லாத முதியவர்களும் பாற்பல் முளைத்த பிள்ளைகளும் சொதியில் ஊறவைத்துச் சாப்பிடக்கூடியது. காய்ச்சலில் எழும்பியவருக்கு இதைவிட நல்ல இரவுச் சாப்பாட்டை நான் அறியேன்.

ஆனால் அது தனியே நிற்பதில்லை. பிட்டுக்கு ஒரு கறி போதும்; இடியப்பத்துக்குச் சொதியும் வேண்டும், சம்பலும் வேண்டும். அவற்றை வைக்காமல் மத்தியானக் குழம்பை மட்டும் ஊற்றிக் கொடுத்தால், சாப்பிடுபவர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் முகத்திற் தெரியும். எனவே ஒரு முழுத் தேங்காய் போகிறது. சொதியைப் பற்றி இரண்டு வார்த்தை: வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், உப்பு ஆகியவற்றை இரண்டாம் பாலில் அவியவிட்டு, முதற்பாலை விட்ட பின்னர் கரண்டியை எடுக்காமற் துழாவி, கொதி தொடங்கும்போதே இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகு தேசிக்காய்ப் புளி விட வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் திரைந்துவிடும்.

இரண்டாவது மறைசெலவு உடம்பினுடையது. கொதிநீரிற் குழைத்த மாவைச் சூடு ஆறுமுன் உரலில் இட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் உரல் நகராது. நான்கு பேருக்கு முப்பது இடியப்பமாவது பிழிந்தெடுக்கும்போது தோள்மூட்டு வலி எடுக்கும். மூட்டுவருத்தம் உள்ளவர்கள் இதைத் தனியே செய்ய முயலக் கூடாது. வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளைப் பிழியச் சொல்லுங்கள், அவர்களுக்கு அந்த வலு இருக்கிறது. அதற்குப் பிறகு தட்டுகளின் ஓலைப் பின்னலுக்குள் ஒட்டிய மாவைத் தேய்த்துக் கழுவும் வேலை இருக்கிறது. ஊறவைத்துவிட்டுக் காலையிற் கழுவுவதே எளிது.

இதனால் வேலைநாளில் இடியப்பத்தை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். வீட்டில் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் பெண்கள் அநேகமாக எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். மத்தியானத்திலேயே சொல்லிவைத்தாற் சிவப்பரிசிமாவில் அவித்துத் தருவார்கள். சொல்லாமற் போய் வாங்கினாற் பெரும்பாலும் வெள்ளை இடியப்பமே கிடைக்கும். நாம் வாங்கும் காசு இன்னொரு வீட்டின் அடுப்புக்குப் போகிறது என்பதும் எனக்கு நிறைவு தருகிறது. மிகுதியைக் காலையில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துப் பிரட்டினாற் பள்ளிக்கூடப் பெட்டிக்கும் ஆகும்.

தோசை

வெள்ளிக்கிழமைக்கு உரியது. மச்சக்கறி இல்லாத குறையைத் தோசையும் அரைத்த சம்பலும் தெரியவிடாது.

எங்கள் பக்கத்துத் தோசையில் ஒரு சுண்டு உழுந்துக்கு இரண்டு சுண்டு அரிசியோ கோதுமைமாவோ சேர்ப்பதுண்டு. ஒரு தேக்கரண்டி வெந்தயம் உழுந்தோடு ஊறும். மாப் புளித்த பின்னர், சுடுவதற்குச் சற்று முன்பு, வெங்காயம், செத்தல் மிளகாய், சின்னச்சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, மஞ்சளும் சேர்த்து மாவுக்குள்ளேயே விட்டுக் கலப்போம். அந்த மஞ்சள் நிறமும் தாளித வாசமும் இல்லாத தோசையை எங்கள் வீட்டிற் தோசையென்று ஏற்கமாட்டார்கள். சம்பலுக்குச் செத்தல் மிளகாயைப் பொரித்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பழப்புளி, உப்பு ஆகியவற்றோடு அம்மியில் அரைத்தால் நல்லது. மிக்ஸியிலும் தண்ணீர் விடாமல் அரைக்கலாம்.

தோசையின் பெருங்குறையைச் சமையற் குறிப்புகள் எழுதுபவர்கள் சொல்வதில்லை. அது ஒன்றொன்றாகச் சுடப்படுகிறது. சூடாகச் சாப்பிட வேண்டும் என்பதால் எல்லோரும் இருந்து சாப்பிட, ஒருவர் மட்டும் கல்லடியில் நிற்கிறார். அவர் கடைசியிற் தனியே, பெரும்பாலும் ஆறிய இரண்டு தோசையோடு இரவை முடிக்கிறார். என் அம்மா தோசை இரவுகளில் எங்களோடு இருந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. இரண்டு கல்லை வைத்து இருவர் மாறி மாறிச் சுடும் வீட்டுக்கு மட்டுமே தோசை நியாயமான தெரிவு என்று இப்போது நினைக்கிறேன். காஸும் இதற்கே அதிகம் போகும். ஒருவர் பிந்தி வரும் வீட்டுக்கோ இது வசதியானது. மாவை வைத்திருந்து வந்தவுடன் சுட்டுக் கொடுக்கலாம், வருபவர் தானே சுட்டுக்கொள்வது அதைவிட நல்லது.

ரொட்டியும் பாணும்

முன்னாயத்தம் ஏதுமில்லாத நாளில் ரொட்டி கைகொடுக்கும். கோதுமைமா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். இடித்த சம்பல் ஒன்று. அரைமணி நேரத்திற்குச் சற்று மேல். ஆனால் வயிற்றிற் கனமாக இருக்கும் என்பதால் எட்டு மணிக்குப் பின்னர் முதியவர்களுக்குக் கொடுக்க நான் விரும்புவதில்லை.

பாண் ஓர் இறாத்தலும் மத்தியானப் பருப்புக்கறியும், ஒரு முட்டைப் பொரியலும் இருந்தாற் பத்து நிமிடத்தில் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். நோயாளியைப் பார்த்து ஆசுபத்திரியிலிருந்து திரும்பிய இரவிலும், மழையில் நனைந்து வந்த இரவிலும் அதை எடுக்க யாரும் தயங்க வேண்டாம். கிழமையில் நான்கு நாட்கள் அதுவே என்றால், பிள்ளைகள் பத்து மணிக்கு மீண்டும் பசியென்று வந்து பிஸ்கட் பேணியைத் தேடுவார்கள். அந்த பிஸ்கட்டையும் சேர்த்துக் கணக்கிட்டாற் பாண் மலிவானதல்ல.

ஒடியற்கூழ்

கூழை இந்த வரிசையிற் சேர்ப்பதா என்று யோசித்தேன். இது நாளாந்தச் சாப்பாடல்ல. எட்டுப் பேராவது கூடும் சனிக்கிழமை இரவுக்கு உரியது. இரண்டு பேருக்குக் கூழ் காய்ச்சினால் நண்டும் றாலும் கணவாயும் என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் செலவே தாங்காது.

காலையிற் பாசையூரிலோ குருநகரிலோ சின்னக்கடையிலோ வாங்கியதைத் துப்புரவாக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். எட்டுப் பேருக்குக் கால் கிலோ ஒடியல் மா போதும்; அதை நிறையத் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊறவிட்டு, மேற்தண்ணீரை இரண்டு முறை மாற்றி ஊற்ற வேண்டும், இல்லாவிட்டாற் கசக்கும். ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு ஆகியன பாதி அவிந்த பின்னர் நண்டு, மீன்தலை, றால் என்ற வரிசையில் இட்டு, செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டையும் பழப்புளியையும் சேர்த்து, கரைத்த மாவை விட்டுத் துழாவி, இறக்குமுன் முருங்கையிலை போட வேண்டும். மரவள்ளி சேர்ந்தால் இஞ்சி சேர்ப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

இரண்டு மணி நேரம் என்பது நீண்டதாகத் தோன்றினாலும், கழுவ ஒரே ஒரு பானைதான் இருக்கும். அதிலும் பனையோலைப் பிளாவிற் குடித்தாற் கோப்பைகளும் இல்லை. எல்லோரும் பானையைச் சுற்றியிருந்து குடிப்பதால் யாரும் அடுப்படியிற் தனியே விடப்படுவதில்லை. தோசைக்கு நேர்மாறான சாப்பாடு இது. மிச்சம் வைக்க முடியாது, ஆறினால் இறுகிவிடும். உறைப்புக் கூட்டை விடுமுன் சின்னப் பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் வேறாக எடுத்துவைக்க மறக்க வேண்டாம்.

பெறாமகளின் வீட்டுக்கு

அவள் வீட்டில் நால்வர். மாமியாருக்குச் சீனி வருத்தம். கணவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். ஒரு சின்ன மகன். இத்தகைய வீட்டுக்குத் தவிட்டோடு அரைத்த சிவப்பரிசிமாவிலோ குரக்கன் மா கலந்தோ அவித்த பிட்டையே கிழமையில் மூன்று நாட்களுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாமியாருக்கு மாவின் வகையைவிட அளவே முக்கியம் என்பதால், அவருடைய கோப்பையிற் பிட்டைக் குறைத்துக் கீரையையும் கறியையும் கூட்டச் சொன்னேன். கணவருக்குப் பிட்டை நீத்துப்பெட்டியிலேயே மூடிவைத்து, வந்ததும் இரண்டு நிமிடம் ஆவி காட்டினாற் புதிதுபோலிருக்கும். புதன்கிழமை இடியப்பம் வாங்கட்டும், சொதியை மட்டும் அவள் வைக்கட்டும். வெள்ளிக்கிழமை தோசை, அதைக் கணவர் வந்து சுடுவதென்றால் மட்டும். அவள் தயங்கினாள், பின்னர் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

அன்றைய இரவுக்கு அவளிடம் மா இருக்கவில்லை. பாண் வாங்கி, மத்தியானக் கத்தரிக்காய்க் கறியோடு முடித்துக்கொள்ளச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து கிலோ அரிசியை ஊறவைத்து எடுத்துக்கொண்டு இங்கே வருகிறாள். ஆலையில் அரைத்து வந்து, என் பெரிய தாச்சியில் இருவருமாக வறுத்து, அவளுக்கு இரண்டு பேணி, எனக்கு ஒரு பேணி என்று பிரித்துக்கொள்வதாக இருக்கிறோம்.